கயோட்டித் தோலில் எத்தனை ஓட்டை? – வாசகர் கேள்வி பதில்

குளிர் ஆரம்பித்ததும் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் (ஆமாம், இருக்கிறார்கள், நான் நினைத்ததைவிட அதிகமாகவே இருக்கிறார்கள்) அனுப்பும் கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. கயோட்டியைச் சுட வேண்டும், தோல் கெடக்கூடாது, என்ன தோட்டா வாங்குவது? அதனால் இந்த முறை எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

கயோட்டி தெரியாதவர்களுக்கு: நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது, எடை பெரும்பாலும் 9 முதல் 20 கிலோவுக்குள். ஆடு, கன்று வளர்ப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டா என்றால் முழு உருப்படி, குண்டு என்றால் அதிலிருந்து பறந்துபோகும் முனை. கிரெயின் என்று பெட்டியில் போட்டிருப்பது குண்டின் எடை. 55 கிரெயின் என்றால் சுமார் மூன்றரை கிராம்தான். .223, .22-250, .243 என்று புள்ளியோடு வரும் எண்களெல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள், அந்தந்த வகைக்கு அந்தந்த ரைபிள்.

அண்ணா, மொன்டானாவில் நண்பர் ஒருவரின் பண்ணையில் என் முதல் கயோட்டியைச் சுட்டேன். .22-250 ரைபிள், 55 கிரெயின் சாஃப்ட் பாயின்ட், தூரம் 60 கஜம் இருக்கும். நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டது. ஆனால் மறுபக்கம் என் முஷ்டியே உள்ளே போகும் அளவுக்கு ஓட்டை. இவ்வளவு சின்னக் குண்டு எப்படி இப்படிச் செய்தது? இனி எந்தத் தோட்டா வாங்குவது?

தம்பி, முதலில் ஒரு ஆறுதல்: நான் செய்ததைவிட நீங்கள் செய்தது பரவாயில்லை. என் முதல் குளிர்காலத்தில் .243இல் மான் வேட்டைக்கு வைத்திருந்த 100 கிரெயின் தோட்டாவையே எடுத்துக்கொண்டு போய், மிஞ்சியதைப் பார்த்துவிட்டு, தோலை உரிக்காமலே திரும்பி வந்தேன்.

நடந்தது என்னவென்றால், .22-250இல் 55 கிரெயின் குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்கு சுமார் 3,680 அடி வேகம். 200 கஜம் போவதற்குள் அது ஏறத்தாழ 2,650க்கு இறங்கிவிடும். நீங்கள் சுட்ட 60 கஜத்தில் வேகம் இன்னும் 3,300 அடிக்கு மேலேயே இருந்திருக்கும். சாஃப்ட் பாயின்ட், அதாவது முனையில் மட்டும் உறையில்லாத ஈயக் குண்டு, உடலுக்குள் போனதும் காளான் மாதிரி விரியும், ஆனால் முழுவதுமாக உடையாது. கயோட்டியின் மார்பு பக்கவாட்டில் ஒரு சாண்கூட இருக்காது. அப்படியானால் விரிந்த குண்டு இன்னும் பெரும்பகுதி எடையோடும் வேகத்தோடும் மறுபக்கத் தோலைச் சந்திக்கிறது, விலா எலும்புத் துண்டுகளையும் கூடவே தள்ளிக்கொண்டு வருகிறது. கிழிந்தது அதனால்தான். உள்ளே போன பக்கத்தைத் தேடிப் பாருங்கள், மயிருக்குள் விரல் விட்டுத் துழாவினால்தான் அந்த ஓட்டை கிடைக்கும்.

ஆக நீங்கள் தேட வேண்டியது, உள்ளே போய் அங்கேயே பொடிப்பொடியாக உடைந்து வெளியே வராத குண்டு. சின்ன மிருகங்களுக்கென்றே மெல்லிய செப்பு உறை போட்டுச் செய்கிறார்கள். முனையில் பிளாஸ்டிக் கூர் வைத்தது ஒரு வகை, ஹார்னடியின் வி-மேக்ஸ், நாஸ்லரின் பாலிஸ்டிக் டிப் வார்மின்ட், சியராவின் பிளிட்ஸ்கிங் எல்லாம் இதில் வரும். முனையில் குழி விட்ட ஹாலோ பாயின்ட் இன்னொரு வகை. கயோட்டியின் நெஞ்சுக்கூட்டுக்குள் இவை வெடித்ததுபோல் சிதறி நுரையீரலைக் கூழாக்கிவிடும். மிருகமும் சட்டென்று விழும், மறுபக்கத் தோலும் பெரும்பாலும் தப்பும்.

பெரும்பாலும் என்று சொன்னதைக் கவனியுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மெல்லிய குண்டு, அதிக வேகம், இரண்டும் சேர்ந்தால் தோலுக்கு நல்லது என்று நினைத்து ஆக லேசான குண்டை ஆக வேகமான ரைபிளில் போடுவார்கள். அது தோள்பட்டை எலும்பில் பட்டால் உள்ளே போவதற்கு முன்பே, மேலேயே உடையும். இங்குள்ளவர்கள் அதை ஸ்பிளாஷ் என்பார்கள். தட்டளவுக்குத் தோலும் சதையும் கிழிந்திருக்கும், ஆனால் காயம் ஆழம் இல்லை, மிருகம் எழுந்து ஓடிவிடும். தோலும் போச்சு, கயோட்டியும் எங்கோ புதரில் கிடந்து சாகும். எனவே நடுவில் நிற்க வேண்டும், அதாவது உடையக்கூடியதாகவும் இருக்க வேண்டும், நெஞ்சுக்குள் போய்ச் சேரும் எடையும் இருக்க வேண்டும்.

உங்கள் .22-250ஐ விற்க வேண்டாம். அதிலேயே 50 அல்லது 55 கிரெயின் பிளாஸ்டிக் கூர் குண்டு போட்டுப் பாருங்கள். 100 கஜத்துக்குள் எப்போதாவது மறுபக்கம் கிழியத்தான் செய்யும், அந்த ரைபிளின் குணம் அது. தூரம் கூடக்கூட அதே தோட்டா சாதுவாகிவிடும். புதிதாக ரைபிள் வாங்குபவர் கேட்டால் நான் .223 ரெமிங்டனைத்தான் சொல்வேன். 1964லிருந்து கடையில் கிடைக்கும் சரக்கு, தோட்டா மலிவு, உதை இல்லை, 40 கிரெயின் என்றால் சுமார் 3,700 அடி, 55 கிரெயின் என்றால் சுமார் 3,240 அடி. சத்தம் எழுப்பிக் கூப்பிட்டு வரவழைக்கும் கயோட்டிகளில் பெரும்பாலானவை 150 கஜத்துக்குள்தான் சுடப்படுகின்றன, அந்தத் தூரத்துக்கு இது தாராளம்.

தோலே முக்கியம் என்று இருப்பவர்களின் செல்லப்பிள்ளைகள் இரண்டு உண்டு. ஒன்று .17 ரெமிங்டன், 1971இல் வந்தது, 25 கிரெயின் குண்டு 4,000 அடியைத் தாண்டிப் போகும், உள்ளே போன ஓட்டையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஆனால் தோட்டா எல்லாக் கடையிலும் இருக்காது, காற்றடித்தால் குண்டு ஒதுங்கும், குழலும் சீக்கிரம் அழுக்கேறும். மற்றது .204 ரூகர், 2004இல் வந்தது. இதில் 32 கிரெயினும் உண்டு, 40 கிரெயினும் உண்டு. வேகத்தைப் பார்த்து மயங்கி எல்லோரும் 32ஐ எடுப்பார்கள். நான் 40ஐ எடுப்பேன், தோள்பட்டையில் பட்டாலும் உள்ளே போய்ச் சேரும் என்ற தைரியம் அதில்தான் இருக்கிறது. .243தான் கையில் இருக்கிறது என்றால் அதற்கும் 58 கிரெயின் வி-மேக்ஸ் கிடைக்கிறது, மான் குண்டோடு ஒப்பிட்டால் சொர்க்கம்.

எதை வாங்கினாலும் ஒரு பெட்டி வாங்கிக் காகிதத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு, அந்த ரைபிளுக்குப் பிடித்தால் அப்புறம் மொத்தமாக வாங்குங்கள்.

ஃபுல் மெட்டல் ஜாக்கெட் போட்டால் இரண்டு பக்கமும் ஊசி ஓட்டைதான் விழும், தைக்கவே வேண்டாம் என்கிறார் என் கூட வேலை செய்பவர். விலையும் குறைவு. உண்மையா?

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. முழு உறை போட்ட குண்டு விரியாது, நேராகப் போனால் ஊசி ஓட்டைதான். ஆனால் நெஞ்சில் ஊசி ஓட்டை விழுந்த கயோட்டி கால் மைல் ஓடும், சிலசமயம் அதற்கும் மேலே. பனி இல்லாத நிலத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் பாடு. ஓட்டையில்லாத தோல், ஆனால் உங்கள் கையில் இல்லை.

தவிர, நேராகப் போகும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. எலும்பில் பட்டுத் தலைகீழாகப் புரண்டால் கோடாலி வெட்டு மாதிரி வெளியே வரும். கிட்டத்தில் சுட்டால் .223இன் 55 கிரெயின் முழு உறைக் குண்டு உள்ளே உடையவும் செய்யும், அப்போது அது எப்படி வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு விஷயம், உறைந்த தரையிலும் கல்லிலும் பட்டால் இந்தக் குண்டு உடையாமல் எகிறிப் பறக்கும். மெல்லிய குண்டு தரையில் பட்டதும் பொடியாகிவிடும். பக்கத்தில் பண்ணை வீடும் மாடும் இருக்கிற இடத்தில் இந்த வித்தியாசம் தோலைவிடப் பெரிது. அந்த மலிவுப் பெட்டியை வைத்துக் காகிதம் சுட்டுப் பழகுங்கள்.

என்னிடம் .17 எச்எம்ஆர்தான் (.17 ரெமிங்டன் அல்ல, அதைவிட வலுக்குறைந்த சின்னத் தோட்டா) இருக்கிறது. போதாதா?

60, 70 கஜம், காற்றில்லாத காலை, அசையாமல் நிற்கும் கயோட்டி, குறி தவறாத கை. இவ்வளவும் சேர்ந்தால் போதும். 17 கிரெயின் குண்டு 2,550 அடியில் கிளம்பி 100 கஜத்தில் 1,900க்கு வந்துவிடும், குழலை விடும்போதே .223இன் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் அதில் இருக்கிறது. முயலுக்கும் தரை அணிலுக்கும் அருமையான சாமான். .22 மேக்னத்துக்கும் இதே பதில். சாதாரண .22 லாங் ரைபிள் என்றால் வேண்டவே வேண்டாம்.

.223 போடும் ஏஆர்-15 ரைபிள் வைத்திருக்கிறேன், குழல் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று. லேசான குண்டு போட்டால் பறக்கும்போதே வெடித்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். வெடிக்குமா?

குழலுக்குள் இருக்கும் முறுக்குக் கோடுகள் குண்டைச் சுழற்றித்தான் வெளியே அனுப்பும், உங்களுடையதில் 7 அங்குலம் நகர்வதற்குள் ஒரு முழுச் சுற்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகத்தை 720ஆல் பெருக்கி, ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலமோ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். 3,240 அடி வேகத்தில் உங்கள் குழலில் அது 3,33,000 சுற்று. அதே குண்டு 12 அங்குலக் குழலில் 1,94,000தான். பயம் ஆதாரமில்லாதது அல்ல, மிக மெல்லிய உறை போட்ட சில குண்டுகள் இந்தச் சுழற்சியைத் தாங்காமல் குறிக்குப் போகும் வழியிலேயே சாம்பல் நிறப் புகைபோலக் கலைந்துவிடும். ஆனால் நான் மேலே சொன்ன கூர்முனை வகையில் 50, 55 கிரெயின் சாதாரணமாகத் தாங்கும், ஏஆரின் குழல் குட்டையாக இருப்பதால் வேகமும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். 100 கஜத்தில் ஐந்து சுட்டுப் பாருங்கள். காகிதத்தில் ஐந்து ஓட்டையும் இருந்தால் கவலையை விடுங்கள், நான்குதான் இருந்தால் உங்கள் குறியைச் சந்தேகப்படுவதற்கு முன்பு குண்டைச் சந்தேகப்படுங்கள்.

எங்கே குறி வைப்பது? தலையில் சுட்டால் தோல் முழுசாகக் கிடைக்குமே?

கிடைக்காது. கயோட்டியின் தோலை முகம், காது எல்லாம் சேர்த்துத்தான் வாங்குவார்கள், மாட்டி வைப்பதற்கென்றாலும் முகம்தான் முதலில் வேண்டும். மேலும் தலை எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும், ஓர் அங்குலம் பிசகினால் தாடை உடைந்த மிருகம் ஒன்று காட்டுக்குள் போய்ப் பட்டினி கிடந்து சாகும். அந்தப் பாவம் நமக்கு எதற்கு.

எனக்குப் பிடித்தது நேருக்கு நேர். கூப்பிடும் சத்தத்தைக் கேட்டு அது நம்மைப் பார்த்தே வருவதால் இந்த வாய்ப்பு அடிக்கடி கிடைக்கும். கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, நட்டநடுவில். குண்டு உடலின் நீளவாக்கில் போவதால் வெளியே வர வழியே இல்லை, ஒரே ஒரு ஓட்டை, அதுவும் மயிரில் மறைந்துவிடும். பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னால், உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. தோள்பட்டையைத் தொடாதீர்கள், ஸ்பிளாஷ் கதை தெரியும் அல்லவா. சாய்வாக நின்றால் பொறுங்கள். வாயால் நாய் மாதிரி ஒரு சின்னக் குரைப்பு விட்டால் ஓடுகிற கயோட்டிகூட அநேகமாக ஒரு நொடி நின்று திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு நொடிதான் உங்களுடையது. ஓடும்போது சுட்டு இடுப்பிலோ வயிற்றிலோ பட்ட தோலை எந்தத் தோட்டாவும் காப்பாற்றாது.

ஸ்கோப்பை 200 கஜத்துக்கு ஜீரோ செய்து (அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே படும்படி திருத்தி) வைத்தால் 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் போல மேலே படும், நடுவில் எங்கே நின்றாலும் கணக்குப் போடாமல் நடு மார்பைப் பார்த்துச் சுடலாம்.

கலிபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே ஈயக் குண்டே கூடாதாமே?

கூடாது. 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் எந்த வனவிலங்கைத் துப்பாக்கியால் வேட்டையாடினாலும் ஈயமில்லாத குண்டுதான். கடைக்காரர் தரும் ஈயமில்லாத பெட்டி முழுச் செப்பு மான் குண்டாக இருந்தால் வாங்காதீர்கள், அது உடையாது, மறுபக்கம் வரும். செப்பும் தகரமும் கலந்த தூளை அழுத்திச் செய்த பார்ன்ஸ் வார்மின்ட் கிரனேட் மாதிரியானவை உடையும். ஈயத்தைவிட லேசு என்பதால் .22 அளவில் பெரும்பாலும் 35, 36 கிரெயின்தான் இருக்கும், தோள்பட்டையிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளியே குறி வையுங்கள். அப்புறம், அதே மாநிலத்தில் 2023 ஜனவரி முதல் புதிய உரோம உடைகள் விற்கவும் தடை இருக்கிறது, தோலை என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். பண்ணைக்காரர், கயோட்டிக்கு லைசென்ஸே தேவையில்லை, வா போகலாம் என்கிறார். போகலாமா?

அவருக்குத் தேவையில்லாமல் இருக்கலாம். உங்களுக்கு வேண்டும், அதுவும் வேறு காரணத்துக்காக. அமெரிக்க மத்தியச் சட்டப்படி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். அதற்கு இருக்கும் விதிவிலக்குகளில் நம்மைப் போன்றவர்களுக்குப் பயன்படுவது, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். கயோட்டிக்கு அது வேண்டாத மாநிலமாக இருந்தாலும் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசா விஷயம் விளையாட்டில்லை, ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள். கனடா வாசகர்களுக்கு இது வேறு கதை, அங்கே எல்லோருமே முதலில் துப்பாக்கி உரிமம் எடுக்க வேண்டும்.

ஓட்டை விழுந்துவிட்டது. இனி என்ன செய்ய? (இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், ஒருவர் படத்தோடு. படம் பயங்கரம்.)

விழுந்த உடனே, காட்டிலேயே, ஓட்டையில் காகிதத் துண்டைத் திணித்துவிடுங்கள், வீடு வரும்வரை ரத்தம் மயிரில் பரவாது. வந்ததும் ரத்தத்தைக் குளிர்ந்த நீரில் பாத்திர சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். தோலை வயிற்றில் கீறாமல், பின்னங்காலிலிருந்து பின்னங்காலுக்கு வெட்டி, சட்டையைத் தலைவழியாகக் கழற்றுவது போல உரிக்க வேண்டும். கயோட்டியை அப்படித்தான் கேட்பார்கள்.

தைப்பது ஈரமாக இருக்கும்போதே, சதைப் பக்கத்திலிருந்து. காய்ந்தபின் தைக்க முயன்றால் ஊசி போகும் இடமெல்லாம் கிழியும். பல்லிடுக்கு சுத்தம் செய்யும் மெழுகு நூல் இதற்கு அற்புதமாக உழைக்கும். வட்ட ஓட்டையை அப்படியே இழுத்துத் தைத்தால் இரண்டு முனையிலும் சுருக்கம் விழும், அதனால் கிழிந்த ஓரத்தைக் கத்தியால் இலை வடிவத்துக்குச் செதுக்கிவிட்டு, மயிரை வெளிப்பக்கம் தள்ளித் தள்ளி, நெருக்கமாகத் தையுங்கள். நன்றாகத் தைத்த இரண்டு அங்குலக் கிழிசல் குளிர்கால மயிரில் தெரியவே தெரியாது. படம் அனுப்பியவரே, உங்களுடையதற்கு நூல் பத்தாது. மன்னிக்கவும்.

அப்புறம் சொட்டைசொட்டையாக மயிர் உதிர்ந்த கயோட்டியைப் பார்த்தால் அது சொறி பிடித்தது. தோலுக்கு விலை கிடையாது, தொட்டால் நமக்கும் நம் நாய்க்கும் அரிப்பு.

உண்மையைச் சொல்லுங்கள், தோல் விற்றால் தோட்டாக் காசாவது வருமா?

வடமேற்கின் அடர்ந்த, வெளிர்நிறக் குளிர்காலத் தோல் என்றால் வரலாம். தெற்கே பிடித்த மெல்லிய மயிர்த் தோல் என்றால் கஷ்டம். கோட்டுத் தொப்பியின் ஓரத்தில் வைக்கும் உரோமத்துக்காகத்தான் பல வருடங்கள் கயோட்டிக்கு அவ்வளவு கிராக்கி இருந்தது. கனடா கூஸ் நிறுவனம் 2021இல் உரோமம் வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்தபின் அந்தச் சூடு ஆறிவிட்டது. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைக்குள் சுட்டதாக இருந்தால் மட்டும் விற்க முயலுங்கள். மற்றபடி பதப்படுத்தி வீட்டில் மாட்டுங்கள்.

உரிக்க நேரமில்லாதபோது கயோட்டியை வீட்டு ஃபிரீசரில் வைக்கலாமா? மனைவி சம்மதிக்கவில்லை.

அவர் சொல்வதுதான் சரி. கயோட்டியின் குடலில் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு இருக்கக்கூடும், அதன் முட்டை மயிரிலும் ஒட்டியிருக்கும், சாதாரண வீட்டு ஃபிரீசரின் குளிர் அந்த முட்டையைக் கொல்லாது. கையுறை போட்டுத் தொடுங்கள், கயோட்டியை இரண்டு பைக்குள் போட்டுக் கட்டி, கொட்டகையில் ஒரு பழைய ஃபிரீசர் வாங்கிப் போட்டு அதில் வையுங்கள். இட்லி மாவு பக்கத்தில் வேண்டாம்.